கோரமண்டல், மலபார், முத்துக்குளித்துறை: கரைகளுக்குப் பெயர் வந்த விதமும் பெண்கள் கல்லூரிக்கு வந்த விதமும்

இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. தென்னகக் கடற்கரைகளுக்குக் கோரமண்டல், மலபார், முத்துக்குளித்துறை என்ற பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பது ஒன்று. அந்தக் கரைகளில் பெண்கள் உயர்கல்விக்குள் நுழைந்தது எப்படி, இன்று நிலைமை என்ன என்பது இன்னொன்று. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. கப்பல் வந்து நின்ற துறைமுகங்களை வைத்துத்தான் வெளியார் கரைக்குப் பெயரிட்டார்கள். பெண்களுக்கான முதல் பள்ளிகள், விடுதிகள், கல்லூரிகளில் பலவும் அதே துறைமுக ஊர்களில்தான் எழுந்தன. துறைமுகங்களுக்கு நடுவே இருக்கும் மீனவக் குப்பங்களுக்குக் கல்லூரி மிகவும் தாமதமாகத்தான் எட்டியது. பல இடங்களில் இன்னும் முழுதாக எட்டவில்லை.

முதலில் கோரமண்டல். இது சோழமண்டலம் என்ற நம் பெயர்தான். 'மண்டலம்' என்பது சோழர் ஆட்சிப் பிரிவு. ஊர், நாடு, வளநாடு என்று மேலேறிப் போனால் உச்சியில் மண்டலம் நிற்கும். போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'சோரமண்டெல்', 'சாரமண்டெல்' என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் நாவில் ழகரம் இல்லை, ரகரம் ஆக்கிக்கொண்டார்கள். சகரத்துக்காக அவர்கள் எழுதிய எழுத்துக்கூட்டை டச்சுக்காரர் போன்ற பிற ஐரோப்பியர் தங்கள் வழக்கப்படி ககரத்தை ஒட்டி வாசித்தார்கள். சோரமண்டெல் கோரமண்டெல் ஆனது இப்படித்தான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம்.

இதற்குப் போட்டியாக ஒரு கதை உலவுகிறது. பழவேற்காட்டுக்கு வடக்கே கரிமணல் என்றொரு ஊர் உண்டு. டச்சுக்காரர்கள் அங்கே இறங்கி ஊர்ப் பெயரைக் கேட்டார்களாம், அந்தக் கரிமணல்தான் கோரமண்டல் ஆயிற்றாம். காலக்கணக்கு இதற்கு இடம் கொடுக்காது. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613-இல். அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பெயர் போர்த்துகீசியர் எழுத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயர் ஒலியில் ஒத்துவருகிறது என்பதைத் தவிர அந்தக் கதைக்கு வேறு பிடிமானம் இல்லை.

எல்லை பற்றியும் அடிக்கடி சந்தேகம் வருகிறது. சோழநாடு காவிரிப் படுகைதானே, சென்னையும் பழவேற்காடும் எப்படி அதில் சேரும் என்று கேட்பார்கள். முதலாம் இராசராசன் காலத்தில் தொண்டைமண்டலத்துக்கு ஜெயங்கொண்ட சோழமண்டலம் என்று பெயர் மாற்றப்பட்டது. கல்வெட்டுகளில் இந்தப் பெயர் தாராளமாகக் கிடைக்கிறது. ஆகவே கோடியக்கரையிலிருந்து பழவேற்காடு வரை சோழமண்டலம் என்று சொல்ல உள்ளூரிலேயே ஆதாரம் உண்டு. அதற்கு வடக்கே கிருஷ்ணா கழிமுகம் வரை இழுத்துச் சொன்னது ஐரோப்பிய வணிகக் கம்பெனிகளின் வசதிக்காக.

சோழமண்டலம் என்ற பெயர் ஐரோப்பாவில் பரவுவதற்கு முன் அரபு வணிகர்கள் இந்தக் கரையை 'மஅபர்' என்றார்கள். கடந்துபோகும் இடம் என்று பொருள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவும் இதே பெயரைத்தான் எழுதுகிறார். மதுரையில் 14-ஆம் நூற்றாண்டில் அமைந்த சுல்தானகத்தை வரலாற்று நூல்கள் மஅபர் சுல்தானகம் என்று குறிப்பதும் இதனால்தான். நியூசிலாந்திலும் ஒரு கோரமண்டல் தீபகற்பம் உண்டு. கோரமண்டல் என்ற பெயருடைய ஆங்கிலக் கப்பல் ஒன்று பாய்மரத்துக்கான மரம் ஏற்ற 1820-இல் அங்கே போய் நின்றது. கப்பலின் பெயர் அந்த இடத்துக்கு ஒட்டிக்கொண்டது.

மலபாரைப் பொறுத்தவரை, முன்பாதி 'மலை' என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 6-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வணிகரான காஸ்மாஸ், மிளகு கிடைக்கும் கரையை 'மலே' என்று மட்டும் எழுதினார். பின்பாதியான 'பார்' அரபு அல்லது பாரசீக மொழியிலிருந்து வந்து ஒட்டியது. நிலம், நாடு, கரை என்ற பொருள்களில் அதை விளக்குகிறார்கள். 11-ஆம் நூற்றாண்டில் பாரசீக அறிஞர் அல்-பிரூனி எழுதும்போது முழுப் பெயரும் புழக்கத்தில் இருந்தது. கடலிலிருந்து பார்க்கிறவனுக்குத் தென்னைக்குப் பின்னால் சுவர்போல எழும் மேற்குத் தொடர்ச்சி மலைதான் முதல் அடையாளம். பெயரும் அதையே பிடித்துக்கொண்டது.

பழைய ஆவணம் படிக்கிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பியர் முதலில் இறங்கியது மேற்குக் கரை. அங்கே பழகிய 'மலபார்' என்ற சொல்லைக் கிழக்குக் கரைக்கும் தூக்கிவந்து, தமிழையும் தமிழரையும் அதே பெயரால் அழைத்தார்கள். தரங்கம்பாடியில் இருந்துகொண்டு ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தமிழரை மலபாரிகள் என்றுதான் எழுதினார். இலங்கையின் டச்சு, ஆங்கில ஆவணங்களிலும் யாழ்ப்பாணத்துத் தமிழர் மலபாரிகளாகவே வருகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் 'மலபார் மொழிப் பள்ளி' என்று கண்டால் உடனே மலையாளம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுதியவர் எந்த ஊரில் இருந்தார் என்று பார்த்தபிறகே முடிவுக்கு வர வேண்டும். இதைக் கவனிக்காததால் பள்ளிக்கல்வி வரலாற்றிலேயே பிழைகள் நுழைந்திருக்கின்றன.

மூன்றாவது, முத்துக்குளித்துறை. முதல் இரண்டு பெயர்களும் ஆட்சியையும் நில அமைப்பையும் வைத்து வந்தவை. இது தொழிலை வைத்து வந்தது. போர்த்துகீசியர் 'கோஸ்டா த பெஸ்காரியா' என்றார்கள், அதை ஆங்கிலேயர் தங்கள் மொழியில் ஆக்கிக்கொண்டார்கள். 'மீன்பிடிக் கரை' என்று அதைத் தமிழாக்குவது தவறு. அங்கே அவர்கள் குறித்தது முத்துச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை. கன்னியாகுமரியிலிருந்து ராமேசுவரம் பக்கம் வரை நீளும் இந்தக் கரையில் வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகிய ஏழும் பரதவரின் ஏழு துறைகள் எனப் பெயர்பெற்றவை.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி படியும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் தொளாயிரம் பார் அவற்றில் பெயர்பெற்றது. இந்தப் பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. குளியாள் கல்லில் காலை ஊன்றி, கல்லின் எடையோடு கீழே இறங்குவார். மூச்சு தாங்கும்வரை சிப்பியை அள்ளிப் பையில் போட்டுக் கயிற்றை அசைப்பார். மேலே படகில் இருப்பவர் தூக்கிவிடுவார். கயிற்றைப் பிடிப்பவர் நம்பிக்கையான ஆளாக இருக்க வேண்டும் என்பதால் உறவினரையே அழைத்துப்போவது வழக்கம்.

கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக்குளித்ததாகச் சொல்கிறது. 1530-களில் பரதவர் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. தூத்துக்குடிக் கடலில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-இல். அதன்பிறகு குளிக்கிற அளவுக்குச் சிப்பி சேரவில்லை. ஆக, இன்று அந்தப் பெயருக்குரிய தொழில் அங்கே இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

தொழிலையும் சரக்கையும் வைத்துக் கரைக்குப் பெயரிடுவது உலகெங்கும் நடந்ததுதான். மேற்கு ஆப்பிரிக்காவில் மிளகுக் கரை, தந்தக் கரை, தங்கக் கரை, அடிமைக் கரை என்று வரிசையாகவே வரைபடத்தில் எழுதினார்கள். எந்தக் கரையில் எதைக் கப்பலேற்றலாம் என்ற விவரம் அந்தப் பெயர்களிலேயே இருந்தது. தங்கக் கரை 1957-இல் விடுதலை பெற்றதும் கானா என்று பெயரை மாற்றிக்கொண்டது. மூன்று தென்னகப் பெயர்களில் சோழமண்டலம் மட்டுமே உள்ளூர் மக்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர். அது வெளியார் வாயில் போய்த் திரிந்து திரும்பி வந்திருக்கிறது.

இனி இரண்டாவது பகுதி. இதற்கும் தொடக்கம் துறைமுகம்தான். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்குக்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1706 ஜூலையில் சீகன்பால்கும் புளூட்சோவும் அங்கே வந்திறங்கினார்கள். அடுத்த ஆண்டே பெண் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கியது. யாழ்ப்பாணம் உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824-இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளி இன்றும் நடக்கிறது.

'விடுதி' என்பதைக் கவனியுங்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பெண் கல்வி வேரூன்றிய இடங்களில் பாடத்திட்டத்தைவிட விடுதிதான் பெரிய வேலை செய்தது. பெண் பூப்பெய்தியதும் வீட்டை விட்டு வெளியே அனுப்ப மாட்டார்கள். பள்ளிக்குத் தினமும் தெருவில் நடந்து போய்வருவது நின்றுபோகும். உள்ளேயே தங்கி, உண்டு, படிக்கும் ஏற்பாடு இருந்தால்தான் அந்த வயதைத் தாண்டிப் படிப்பு தொடர்ந்தது. மிஷன் விடுதிகள் பெரும்பாலும் ஏழைக் கிறிஸ்தவக் குடும்பப் பெண்களுக்கானவை என்பதால் நாடார், பரதவர் போன்ற கரையோரச் சமூகங்களின் பெண்கள் சிலருக்கு வசதியான குடும்பத்துப் பெண்களுக்கும் முன்பாகவே எழுத்தறிவு கிடைத்தது.

பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போக இரண்டு காரணங்கள் தள்ளிவிட்டன. பெண்கள் பள்ளிக்குப் பெண் ஆசிரியர் வேண்டும், ஆண் ஆசிரியர் இருந்தால் பெற்றோர் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். பெண் ஆசிரியர் வேண்டுமானால் பெண்கள் மேற்படிப்புப் படித்திருக்க வேண்டும். அதுபோலவே, ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்துப் பிரசவத்தில் இறக்கும் பெண்களுக்காகப் பெண் மருத்துவர் வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் மேரி ஷார்லிப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது இந்த இரண்டாவது காரணத்தால்தான். அவர்களுக்கு முழுப் பட்டம் தரவில்லை. மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு கொடுத்தார்கள், 1878-இல் முடித்தார்கள். அப்போது உலகின் பல நகரங்களில் பெண்களுக்கு மருத்துவப் படிப்பின் கதவு திறக்கவே இல்லை.

கலைப் படிப்பில் இடைஞ்சல் வேறு மாதிரி. அக்காலத்தில் 'இரண்டாம் நிலைக் கல்லூரி' என்று ஒரு வகை இருந்தது. அங்கே எஃப்.ஏ. என்ற முதல் இரண்டாண்டுப் படிப்பு மட்டும் உண்டு, பி.ஏ. கிடையாது. பாளையங்கோட்டை சாராள் தக்கர் பெண்கள் பள்ளி 1890-களின் நடுவில் கல்லூரியானது, திருவனந்தபுரத்தின் அரசுப் பெண்கள் பள்ளி 1897-இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. இரண்டும் இந்த அளவில்தான் தொடங்கின. எஃப்.ஏ. முடித்த பெண் பி.ஏ. படிக்க வேண்டுமானால் ஆண்கள் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். தங்க விடுதி இருக்காது, உடன் படிக்க இன்னொரு பெண் இருக்க மாட்டாள். பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

நிற்காமல் போனவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு முத்துலட்சுமி ரெட்டியின் வழி தெளிவான உதாரணம். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி ஆண்களுக்கானது. மற்ற மாணவர்களின் பெற்றோர் காட்டிய எதிர்ப்பை மீறி மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகுதான் அவருக்கு இடம் கிடைத்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். மன்னர் இசைந்தால்தான் ஒரு பெண் எஃப்.ஏ. படிக்க முடியும் என்ற நிலை இருக்கும்வரை, படித்த பெண்கள் தனித்தனி விதிவிலக்காகத்தான் இருப்பார்கள். கூட்டமாகச் சேர வழி வேண்டும்.

அந்த வழி சென்னைக் கடற்கரைச் சாலையில் திறந்தது. 1914 ஜூலையில் கேப்பர் மாளிகை என்ற கட்டடத்தில் 37 மாணவிகளோடு அரசுப் பெண்கள் கல்லூரி தொடங்கியது. முதல்வர் டோரதி டி லா ஹே. 1917-இல் அதற்கு ராணி மேரி கல்லூரி என்று பெயர் வந்தது. இதற்கிடையே 1915-இல் எலினார் மெக்டூகல் தலைமையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி தொடங்கியது. இந்த இரண்டு ஆண்டுகளில் மாகாணத்தின் நிலையே மாறியது. விடுதி இருந்தது, பெண் பேராசிரியர்கள் இருந்தார்கள், பி.ஏ. வரை அதே வளாகத்தில் படிக்க முடிந்தது. பெற்றோர் கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைத்தது.

அதே சாலையில் சற்றுத் தள்ளி இருக்கிறது ஐஸ் ஹவுஸ். 1840-களில் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்துவைக்கக் கட்டிய வட்டக் கட்டடம் அது. சிறுவயதிலேயே விதவையான ஆர்.எஸ். சுப்புலட்சுமி 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். இளம் விதவைகளுக்காக அவர் தொடங்கிய இல்லம் இந்தக் கட்டடத்தில் இயங்கியது. அந்த இல்லத்துப் பெண்கள் பள்ளிப்படிப்பை முடித்ததும் பக்கத்திலேயே இருந்த ராணி மேரி கல்லூரிக்குப் போனார்கள், பின்னர் ஆசிரியப் பயிற்சி பெற்றார்கள். 1922-இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியும் இதே கடற்கரையில் வந்தது. இல்லம், கல்லூரி, பயிற்சி, வேலை என்ற நான்கு படிகளும் நடந்துபோகும் தூரத்தில் அமைந்தன. எங்கே பெண்கள் உயர்கல்வி நிலைத்தது, எங்கே ஓரிருவரோடு நின்றது என்று ஆராய்ந்தால், இந்த நான்கு படிகளில் எது விடுபட்டது என்பதில்தான் விடை இருக்கும்.

மலபார் கரைக்கும் இந்தக் கல்லூரிதான் வாசல். தலைச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள் ராணி மேரி கல்லூரியில் இளங்கலை படித்து, மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்பித்தார். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று 1931-இல் முனைவர் பட்டம் பெற்றார். மலபார் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால் படிப்புக்கான ரயில் இந்தப் பக்கம் வந்தது. கொச்சியில் புனித தெரசா கல்லூரி 1925-இலும், கோழிக்கோட்டில் பிராவிடன்ஸ் கல்லூரி 1952-இலும் வந்தபிறகுதான் அந்தக் கரைப் பெண்களுக்குச் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது.

பொறியியல் இன்னும் தாமதம். 18 வயதில் கைக்குழந்தையோடு விதவையான லலிதா 1940-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியலில் சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள். லலிதாவின் பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சிட்டிருந்ததைக் கையால் அடித்துவிட்டுப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்கள். அச்சடித்தவர்கள் ஒரு பெண் வாங்குவாள் என்று எதிர்பார்க்கவே இல்லை. திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

முத்துக்குளித்துறைக்குப் பெண்கள் கல்லூரி விடுதலைக்குப் பிறகுதான் வந்தது. தூத்துக்குடியில் தூய மரியன்னை கல்லூரி 1948-இல், நாகர்கோவிலில் ஹோலி கிராஸ் கல்லூரி 1965-இல். முத்து வணிகத்தில் பெயர்பெற்ற கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988-இல் தொடங்கியபோது, ராமநாதபுரம் கரையின் முஸ்லிம் குடும்பங்களில் ஒரு தடை நீங்கியது. ஆண்கள் வணிகத்துக்காகக் கொழும்பு, வளைகுடா என்று போய்விட, வீட்டில் தனியாக இருக்கும் தாய்மார்கள் மகளை வெளியூர் விடுதியில் விடத் தயங்குவார்கள். நடந்துபோகும் தூரத்தில் கல்லூரி வந்ததும் பள்ளியிறுதியோடு நின்ற பெண்கள் பட்டம்வரை போனார்கள். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி 1977 முதல் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-இல் அமைந்தது. இந்தப் படிப்புகளில் மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. விண்ணப்பம் பொறியியல் பொதுக் கலந்தாய்வில் வராது, தனியாகப் போட வேண்டும். பொதுக் கலந்தாய்விலேயே இதுவும் வரும் என்று காத்திருந்து தேதியைத் தவறவிடுவது எளிதாக நடக்கிறது.

இன்றைய நிலையை எண்ணில் பார்க்கலாம். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021-22 அறிக்கைப்படி நாட்டின் மொத்தச் சேர்க்கை 4.33 கோடி, அதில் பெண்கள் 2.07 கோடி. 18 முதல் 23 வயதுக்கான மொத்தச் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 28.5, ஆண்களுக்கு 28.3. தமிழ்நாட்டின் விகிதம் 47, புதுச்சேரி 61.5, கேரளம் 41.3. கேரளத்தில் பெண்களின் விகிதம் ஆண்களைவிட வெகுவாக உயர்ந்து நிற்கிறது.

இந்த எண்ணைத் தவறாகப் படிப்பவர்கள் அதிகம். 47 என்றால் நூறு பேரில் 47 பேர் கல்லூரியில் இருக்கிறார்கள் என்று அர்த்தமல்ல. இந்த விகிதத்தைப் பின்னமாக எழுதினால், மேலே இருக்கும் எண், எந்த வயதினராக இருந்தாலும், எந்த மாநிலத்திலிருந்து வந்திருந்தாலும், இங்கே பதிவு செய்தவர்கள் அனைவரும். தொலைநிலைக் கல்வி மாணவர்களும் அதில் சேருவார்கள். கீழே இருக்கும் எண் மட்டும்தான் இந்த மாநிலத்தின் 18-23 வயது மக்கள்தொகை. புதுச்சேரி 61.5 காட்டுவதற்கு, சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்து வந்து படிப்பவர்களும் பெரிய காரணம். அதோடு, மாநில சராசரியை வைத்து ஒரு மீனவக் குப்பத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஊர் நிலையை அறிய வேண்டுமானால் அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து, அவர்களில் எத்தனை பேர் எங்கே சேர்ந்தார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

குப்பங்களில் எது தடுக்கிறது என்பதும் குறிப்பாகச் சொல்லக்கூடியதே. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகா. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருவது மே மாதத்தில், கல்லூரிக் கட்டணம் கட்டுவது மே, ஜூனில். விசைப்படகில் கூலிக்குப் போகும் குடும்பத்தில் கையில் காசே இல்லாத வாரங்களில்தான் கட்டணம் கேட்கப்படுகிறது. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய், அது அடுப்புக்கே சரியாகிவிடும். தனியார் கல்லூரிகளில் தடைக்காலம் முடியும்வரை தவணை கேட்டு எழுத்தில் கொடுத்தால் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அரசுக் கலை அறிவியல் கல்லூரிக்கு இணையவழியில் விண்ணப்பிக்கும் செலவு மிகக் குறைவு என்பதால், வேறு எங்கே முயன்றாலும் அதை ஒரு பாதுகாப்பாகப் போட்டுவைப்பது நல்லது.

உதவித் திட்டங்களில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989-இல் தொடங்கியது திருமண உதவித் திட்டம். எட்டாம் வகுப்பு படித்திருந்தால் 5,000 ரூபாய் என்று ஆரம்பித்தது. 2011-இல் பத்தாம் வகுப்புக்கு 25,000, பட்டம் அல்லது பட்டயத்துக்கு 50,000, கூடவே தாலிக்கு 4 கிராம் தங்கம் என்று உயர்ந்தது. 2016-இல் தங்கம் 8 கிராமானது. பெண்களைப் பள்ளியில் தக்கவைத்ததில் இதற்குப் பங்கு உண்டு. ஆனாலும் பணம் கைக்கு வருவது கல்யாணத்தின்போது, கல்லூரிக் கட்டணத்துக்கு அது உதவாது. 2022 செப்டம்பர் 5 முதல் அதே அம்மையார் பெயரில் உயர்கல்வி உறுதித் திட்டமாக, புதுமைப் பெண் என்ற பெயரில், மாதம் 1,000 ரூபாயாக மாற்றினார்கள். பணம் படிக்கும் காலத்திலேயே, மாணவியின் சொந்தக் கணக்கில் விழுகிறது. பேருந்துக் கட்டணம், புத்தகம், விடுதிச் சாப்பாட்டில் ஒரு பங்கு என்று உடனடியாக உதவுகிறது. நல்ல மாற்றம் இது.

இதற்குத் தகுதி: 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 8 வரை தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் தகுதி பெறுவார்கள். இளங்கலை, பட்டயம், தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்கு உண்டு. முதுகலைக்கும் தொலைநிலைக் கல்விக்கும் கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் பெறலாம். பதிவு செய்வது கல்லூரியில் இதற்கென இருக்கும் பொறுப்பு ஆசிரியர் வழியாக.

பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான் காரணம். ஆதார் எண்ணைக் கணக்கில் பதிந்திருந்தாலும், நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு இருந்தால், கடைசியாக இணைத்த கணக்குக்குப் பணம் போய்விடும். வீட்டில் 'பணமே வரவில்லை' என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு, நீண்ட நாள் பயன்படுத்தாமல் முடங்கியிருப்பது அடுத்த காரணம். மூன்றாவது, பெயர் வேறுபாடு. கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் தந்தை பெயரோடு சேர்த்து ஒன்று என்று இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்துவதே எளிது. மதிப்பெண் சான்றிதழைத் திருத்தப் போனால் மாதக்கணக்கில் இழுக்கும். பதினொன்றாம் வகுப்பிலேயே இதைச் சரிபார்த்து முடித்துவிட வேண்டும்.

முதல் பட்டதாரிச் சான்று இன்னொரு கண்ணி. கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேருகிறவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை இதனால் கிடைக்கும். குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது என்பது விதி. தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தவர் எல்லோரும் கணக்கில் வருவார்கள். அண்ணன் ஏதோ ஒரு பட்டம் முடித்திருந்தால் தங்கைக்கு இந்தச் சலுகை போய்விடும். அண்ணன் அதைப் பயன்படுத்தவே இல்லை என்றாலும் விதி அதுதான். இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் கல்லூரிக்குப் போகும் வீட்டில், யார் கட்டணம் அதிகமான படிப்பில் சேருகிறார்களோ அவர் பெயரில் விண்ணப்பிப்பதே கணக்குக்குச் சரி. வழக்கத்தில் மூத்த பையன் பெயரில் போட்டுவிடுகிறார்கள், இளைய மகள் பொறியியல் சேரும்போது முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டிவருகிறது. விண்ணப்பம் இ-சேவை மையத்தில் போடலாம். குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவரின் கல்வி விவரமும் கேட்பார்கள் என்பதால், குடும்ப அட்டை, உடன்பிறந்தவர்களின் மாற்றுச் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு போக வேண்டும். சாதி, வருமானம், இருப்பிடச் சான்றுகளையும் ஏப்ரலிலேயே சேர்த்துப் போட்டுவிட்டால், மே மாத நெரிசலில் வருவாய் ஆய்வாளர் அலுவலகத்தில் கோப்பு தேங்கி நிற்காது.